சற்குணத்தார் ஷிப்ட் மாற்றப் போன நாள்

சற்குணத்தார் ரயில், பஸ் பயணத்துக்கான ஓய்ஸ்டர் காட்டுகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை நாடாவைப் பல்லால் கடித்து விரல் அளவுக்குக் கிழிப்பார். காட் மூலையில் வைத்துப் பெருவிரலால் அழுத்துவார். பிறகு நீலப் பேனையால் எழுதுவார். கோசிகா, பிரியந்தன், மிதுஷா என்று மூன்று முடிந்தன. நாலாவதில் என் பெயரை எழுதத் தொடங்கினார். மரியநாயகி முழுவதும் நாடாவில் கொள்ளவில்லை. 'மரிய' என்பதோடு நின்றுவிட்டது.

"எனக்கு எதுக்கு அண்ணை காட்? என்னட்டைத்தான் வயசுபோனவைக்கான ஃபிரீடம் பாஸ் இருக்கே. உங்களட்டையும் இருக்கு."

"எல்லாருக்கும் ஒண்டு இருக்கவேணும்."

"போன கிழமையும் ரெண்டு பேரும் பாஸிலைதானே சந்தைக்குப் போய் வந்தனாங்கள்?"

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முகம் தெரிகிறது, ஆனால் நான் சொன்னது எங்கே போய் உட்கார வேண்டும் என்று தெரியவில்லை, அப்படி ஒரு பார்வை. நான் கைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தேன். '23ஆம் திகதி, காலை 8.40, பாஸ் இருப்பதை மறந்தார்' என்று எழுதினேன்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பத்தொன்பது வருடம் முதியோர் இல்லத்தில், மறதி நோயாளர் பிரிவில் வேலை செய்தவள். எதைக் கண்டாலும் நேரம் போட்டு எழுதி வைக்கும்படி பழக்கினார்கள். ஓய்வு பெற்றும் அது போகவில்லை. ஈஸ்ட் ஹாமில் நகரசபை வாடகைக்குத் தரும் எங்கள் கவுன்சில் கட்டடத்தில் நான் கீழ்த்தளம், சற்குணத்தார் இரண்டாம் மாடி. அவருடைய மனைவி துசியந்தி இறந்து நாலு வருடம். அதற்குப் பிறகு நான் இடைக்கிடை மேலே போய்ப் பார்ப்பேன். அவர் எனக்குப் பாரமான சாமான் தூக்கித் தருவார். 'டொக்டரம்மா' என்று கேலி செய்வார். நான் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை என்று சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து தொண்ணூற்றொன்றில் வந்தவர். முதலில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, விசா கிடைத்த பிறகு பஸ். இருபத்திரண்டு வருடம் சிவப்பு பஸ் ஓட்டினார். லண்டன் வீதிகளில் எந்த வளைவில் கண்ணாடி உரசும், எந்தச் சந்தியில் சைக்கிள்காரன் குறுக்கே விழுவான் என்று சொல்லுவார். ஆனால் நத்தார் வெளிச்சத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்ததில்லை. அந்த நாட்களில்தான் மேலதிக ஷிப்ட். துசியந்தி கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள்.

மகள் கோசிகா டென்மார்க் மாப்பிள்ளை பிரியந்தனைக் கட்டி அங்கே போனாள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று பிறகு லெஸ்டருக்குக் குடிவந்தார்கள். இந்த மார்கழி விடுமுறைக்கு மூன்று பேரும் லண்டன் பார்க்க வந்திருந்தார்கள். அதாவது பிள்ளை மிதுஷாவுக்குச் சொன்ன காரணம் அது. உண்மையான காரணம் நான்.

டிசம்பர் பத்தாம் திகதி தொடக்கம் அவரில் மாற்றம் கண்டேன். ஒரு நாள் காலை கதவுப் பூட்டில் திறப்பு அப்படியே தொங்கியது. இன்னொரு நாள் பதினொரு மணிக்கு என்னைத் துசியந்தி என்று கூப்பிட்டார். வேறொரு நாள் படியில் நின்றுகொண்டு ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் நின்றார். எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு கிழமை பார்த்துவிட்டுக் கோசிகாவுக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்கு மறதி தொடங்கியிட்டுது போலை பிள்ளை. நான் கண்ட வருத்தம்தான். வந்து பார்" என்றேன். சொன்னால் அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கோசிகா வந்த அன்றே என்னிடம் மெதுவாகச் சொன்னாள். லெஸ்டரில் அவர்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டாள். ஜனவரி ஐந்தாம் திகதி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயுள்ள வீட்டைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சற்குணத்தாருக்கு இது தெரியாது. இந்தப் பயணத்தில் எப்படி இருக்கிறார் என்று பார்த்து முடிவெடுப்பது என்று பேசிக்கொண்டோம். அதற்காகத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குக் கோசிகா பாண் சுட்டு வைத்தாள்.

"நான் வெள்ளனவே சாப்பிட்டிட்டன்," என்றார் அவர். பிறகு தண்ணீர் எடுத்து, சீனி வருத்தக் குளிசைகளை என் கண் முன்னாலேயே போட்டார். ஒக்டோபரில் டொக்டர் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார். அதையும் மறக்காமல் போட்டார். குளிசையாவது நினைவிருக்கிறது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் அவர்தான் முன்னே போனார். நாங்கள் பின்னே இறங்கினோம். ரயில் வந்தது, ஏறினோம். கதவு மூடிய பிறகு மிதுஷா சொன்னாள், "அம்மப்பா, நெக்ஸ்ட் ஸ்டொப் பார்க்கிங் ஸ்டேஷன் எண்டு போட்டிருக்கு. லண்டன் மற்றப் பக்கமெல்லோ?"

"இதுவும் லண்டன்தான்," என்றார் சற்குணத்தார்.

பிரியந்தன் சிரித்தான். "மாமா பிள்ளைக்கு முழு லண்டனும் காட்டுறார்." கோசிகா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். முப்பத்துநாலு வருடம் இந்த ஊரில் இருந்த மனிதர், அதுவும் பஸ் ஓட்டி, சொந்த நிலையத்திலேயே எதிர்ப்பக்கம் ஏறுகிறார். நான் கொப்பியில் எழுதினேன்.

பார்க்கிங் நிலையத்தில் இறங்கித் திரும்பி ஏறி டவர் ஹில் வந்தோம். அங்கிருந்து பஸ். மேல்தட்டில் முன் சீட் கிடைத்தது. அதில் உட்கார்ந்ததும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். "இந்த வளைவிலை அரை வேகம்தான் குடுக்கவேணும். இதிலை இடக்கண்ணாடியைப் பாராமல் திருப்பினியோ, முடிஞ்சுது" என்று பேத்திக்கு வகுப்பெடுத்தார். ஒவ்வொரு சிக்னலும் சரி. எனக்குக் குழப்பமாக இருந்தது. மறதி வருத்தம் ஆளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டுப் பிடிக்குமா? சிலரைப் பிடிக்கும், பார்த்திருக்கிறேன். ஆனாலும் இவ்வளவு துப்புரவாக இல்லை. சென் போல் தேவாலயம் தாண்டியதும் அவர் பேச்சு நின்றது. பிள்ளை எதையோ கேட்டாள். அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரஃபல்கர் சதுக்கத்தில் பெரிய நத்தார் மரம். நோர்வேயிலிருந்து வருடாவருடம் அனுப்புவது.

"இதுக்கோ இவ்வளவு சனம்?" என்றான் பிரியந்தன். "டென்மார்க்கிலை எங்கட வீட்டுக்குப் பின்னாலை இதைவிடக் கொழுத்த மரம் நிண்டது. ஒருத்தரும் படமெடுக்கேல்லை."

"நீங்கள் அதுக்கு முன்னாலை நிண்டிருப்பியள், அதுதான்," என்றாள் கோசிகா.

சற்குணத்தார் மரத்தைப் பார்த்துவிட்டு, "லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலை எப்ப மரம் வைச்சவங்கள்?" என்று கேட்டார். லிவர்பூல் ஸ்ட்ரீட் வேறு இடம்; நான் கொப்பியைத் திறந்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பிடப் போனோம். பேர்கரும் பொரித்த கிழங்கும். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார். பசியில்லை என்றார். கோட்டைக் கழற்றவும் இல்லை. கழிவறைக்கு அவர் எழுந்து போனபோது கோசிகா என் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் சொன்னது சரிதான் அன்ரி. நான் போனிலை நம்பேல்லை. இண்டைக்குக் கண்ணாலை கண்டிட்டன். வீட்டைக் குடுத்திடுவம்."

"குடுத்தா அந்த வீடு திரும்பிக் கிடையாது பிள்ளை. அதை யோசிச்சுக்கொள்."

"அப்ப தனிய விடச் சொல்லுறியளோ?"

நான் கொப்பியைக் கைப்பைக்குள் வைத்தேன். தனியே விடக்கூடாது என்று எழுதி எழுதிக் கொடுத்த கைதான் இது.

மூன்றரைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் தலைக்கு மேலே வெளிச்ச உருவங்கள், கீழே நடக்க இடமில்லாத சனம். மிதுஷா மேலே பார்த்துக்கொண்டு நடந்தாள், நான் கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன். யாராவது ஒருவர் கீழே பார்க்கத்தானே வேண்டும். நிமிர்ந்தபோது சற்குணத்தாரைக் காணவில்லை.

"அப்பா எங்கை?" என்று கேட்டாள் கோசிகா.

"உங்களோடை வந்தவரெல்லோ?" என்றேன்.

"நான் மாமா உங்களோடை எண்டெல்லோ நினைச்சன்!"

பிள்ளைதான் கண்டாள். "அம்மப்பா! ரோட்டிலை!"

தரிப்பில் ஒரு பஸ் நின்றது. சற்குணத்தார் நடைபாதையை விட்டு இறங்கி, பஸ்ஸைச் சுற்றி, சாரதியின் யன்னல் பக்கம் போய் நின்றார். வாகனங்கள் வரும் பக்கம். விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிப் போனபோது அந்தச் சாரதி கண்ணாடியைத் திறந்திருந்தான். சின்ன வயது ஆபிரிக்கப் பெடியன்.

சற்குணத்தார் அவனிடம் ஆங்கிலத்தில், நல்ல தெளிவான ஆங்கிலத்தில், "நான்தான் உன்னை மாற்ற வந்தவன். ஐந்து நிமிடம் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். நீ போய்த் தேத்தண்ணி குடி" என்றார்.

அந்தப் பெடியன் எங்களைப் பார்த்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான். பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கோபிக்கவில்லை. "நன்றி சேர். ஆனால் இன்று எனக்கு முழு ஷிப்ட்" என்றான்.

பிரியந்தன் அவரைத் தோளில் பிடித்து நடைபாதைக்கு இழுத்தான். அவர் உதறினார். கோசிகா கையைப் பிடித்தாள். அவளுடைய கையில் அடித்தார். சற்குணத்தார் மகளை அடித்து நான் கண்டதில்லை, அவளும் கண்டிருக்க மாட்டாள். "விடடி! ஷிப்டுக்குப் பிந்துது!" என்று கத்தினார்.

நான் அவருடைய கழுத்தில் கை வைத்தேன். அந்தக் குளிரில், கோட்டுக் கொலருக்குள், தண்ணீர் ஊற்றியதுபோல் வேர்வை. மறதிக்காரருக்கு இப்படி வேர்க்காது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, சீனி இறங்கிவிட்டது என்று. கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

அவர் வாயை இறுக்கி மூடினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், "எனக்குத் தராதை. நான் விரதம். கதை படிச்சு முடியேல்லை. ஒரு நேரச் சாப்பாடு இன்னும் ஆகேல்லை."

"என்ன விரதம்?" என்று கேட்டேன். நான் பாசையூர் கத்தோலிக்கப் பெண். எங்களுக்குத் தவக்காலம் தெரியும். மார்கழியில் என்ன விரதம்?

கோசிகா அவருடைய வலது கைச் சட்டையை மேலே இழுத்தாள். மணிக்கட்டில் திரித்த நூல் கட்டியிருந்தது. "ஐயோ, பெருங்கதை!" என்றாள். "பிள்ளையார் விரதம் அன்ரி. இருபத்தொரு நாள். கோயிலிலை பிள்ளையார் கதை கேட்டபிறகு ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு. அப்பா இதை விட்டிட்டார் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

"எப்ப தொடங்கினது?"

"அஞ்சாந் திகதியா இருக்கவேணும். நத்தாரண்டு முடியும்."

இருக்கட்டும், கணக்குப் பிறகு. "பழச்சாறு இதுக்கு விலக்கோ?" என்று பிரியந்தனிடம் கேட்டேன்.

"எனக்கு எங்கை அன்ரி தெரியும்? நான் டெனிஷ் பள்ளிக்கூடத்திலை படிச்சவன்."

"அம்மா விரதத்திலை பழம் சாப்பிடுறவ," என்றாள் கோசிகா.

"ஓடிப்போய் ஒரேஞ் ஜூஸ் வாங்கிக்கொண்டு வா. சீனி இல்லாததை வாங்கிப்போடாதை."

அவன் ஓடினான். நான் சற்குணத்தாரைக் கடை வாசற்படியில் இருத்தினேன். ஜூஸ் வந்ததும், "அண்ணை, பழம். பிள்ளையாருக்கு விலக்கில்லாத பழம்" என்றேன். பிள்ளையார் விஷயத்தில் எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. ஆனாலும் சொன்னேன். அவர் குடிக்கவில்லை. மிதுஷா அவருக்கு முன்னால் குந்தியிருந்து போத்தலைப் பிடித்தாள். "அம்மப்பா, ப்ளீஸ்" என்றாள். குடித்தார். பாதி போத்தல் போனது.

பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். எல்லோரும் எங்களைத் தாண்டி வெளிச்சம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பதினாலாவது நிமிடம் சற்குணத்தார் தலை நிமிர்த்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் ரோட்டிலை குந்திக்கொண்டிருக்கிறியள்? பிள்ளைக்குக் குளிருதெல்லோ?"

கோசிகா அழத் தொடங்கினாள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இடம் பிடித்து, பாலும் ரொட்டியும் வாங்கி அவருக்கு முன்னால் வைத்தேன். மாமிசமில்லை, விரதத்துக்குரிய ஒரு நேரம் இதுதான் என்று சொன்னேன். அவர் சாப்பிட்டார். நான் மருத்துவ ஆலோசனை சொல்லும் 111 இலக்கத்துக்கு எடுத்து விஷயத்தைச் சொன்னேன். நன்றாகச் சாப்பிடக் கொடுக்கவும், இன்று ஒருவர் கூடவே இருக்கவும், திரும்பக் குழம்பினால் உடனே அம்புலன்ஸுக்கு எடுக்கவும், காலையில் டொக்டரிடம் பேசவும் சொன்னார்கள்.

ரயிலில் திரும்பும்போது கொப்பியைத் திறந்து பார்த்தேன். திறப்பு, காலை 9.30. துசியந்தி என்று கூப்பிட்டது, 11. படி, 10.15. எல்லாம் பன்னிரண்டு மணிக்கு முன்னர். அவர் மத்தியானம் கோயிலுக்குப் போய், கதை படிப்பதைக் கேட்டு, அங்கேயே சாப்பிட்டு வருவாராம்; ரயிலில் அவரே சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இன்று கோயிலுக்குப் போகவில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத வயிற்றில் நேற்றைய குளிசையின் மிச்ச வேகம், அதன்மேல் காலைக் குளிசைகள். மறதிக்காரர் காலையில் தெளிவாக இருந்து பின்னேரம்தான் குழம்புவார்கள். இதை நான் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். என் கையாலேயே நேரம் போட்டு எழுதியிருந்தேன். வாசிக்கத்தான் இல்லை. எங்கே பார்த்தாலும் மறதியைக் கண்டு பழகிய கண்.

கோசிகாவிடம் சொன்னேன். "பிழை என்னிலை. நான் அவசரப்பட்டிட்டன்." மழுப்புவதில் பிரயோசனம் இல்லை.

வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தோம். சீனி சரியாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே சண்டை தொடங்கிவிட்டது.

"ஏனப்பா எங்களுக்குச் சொல்லேல்லை? சாப்பிட்டிட்டன் எண்டு பொய் வேறை!"

"விரதத்தைச் சொல்லிக்கொண்டு திரியிறதே? விசா வழக்கு இழுபட்ட நேரம் பிடிக்கத் தொடங்கினது. ஒரு வருஷமும் விடேல்லை. ஒரு வருஷமும் அது எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"ஒக்டோபரிலை புதுக் குளிசை தந்தவையெல்லோ அண்ணை?" என்றேன். "அது சாப்பிடாமல் போட்டால் சீனியை ஒரேயடியா இறக்கிப்போடும். சீனி கிளினிக்கிலை விரதம் பிடிக்கிறதோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவ. நோம்புக் காலம் வருது, ரமழான் நோம்பு பிடிக்கிறனீங்களோ எண்டு கேட்டவ. இல்லை எண்டன். பொய்யில்லையே!"

பிரியந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. கோசிகாவுக்கு வரவில்லை.

"அப்பா, நான் சொல்லுறன். ஒரு ஹோமிலை உங்கட பேரைப் பதிஞ்சு வைச்சிருக்கிறன். அஞ்சாந் திகதி போய்ப் பாக்கவேணும். இந்த வீட்டைக் குடுக்கிறதெண்டும் யோசிச்சம்."

அவர் சுவரைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். மறுபடியும் குழம்பிவிட்டாரோ என்று நான் பயந்தேன். இல்லை. "எனக்குத்தான் விசர் எண்டு முடிவெடுத்திட்டியளோ?" என்றார்.

"இப்ப இல்லையெண்டு விளங்குது. ஆனா அடுத்த முறையும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள். நான் லெஸ்டரிலை இருந்து எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மருந்தின் வேலையா, வயதின் வேலையா என்பதல்ல இனிக் கேள்வி. இந்த மனிதர் வாய் திறந்து சொல்வாரா என்பதுதான். அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். பிரியந்தன் அவருடைய அறையில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தான்.

அடுத்த நாள் காலை ஏழே முக்காலுக்கு நான் மேலே போனேன். சற்குணத்தார் சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி, போனைக் கையில் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தார். சீனி பார்த்துவிட்டார்கள், பரவாயில்லை. குளிசையைப் போடாமல் வைத்திருந்தார். கோசிகா போனை வாங்கப் போனாள். அவர் கொடுக்கவில்லை. சரியாக எட்டு மணிக்கு டொக்டரின் இலக்கத்தை அழுத்தினார். வரிசையில் பதினேழாவது ஆள் என்றது. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அரை மணித்தியாலம் ஒரே பாட்டு.

வரவேற்பில் ஒரு பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். அவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான் இந்துவாக விரதம் இருக்கிறேன். இருபத்தொரு நாள். உங்களுக்குச் சொல்லவில்லை. சாப்பிடாமல் குளிசை போட்டேன். நேற்று வீதியில் குழம்பினேன். என் மகளை அடித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

ஒன்பது மணிக்கு முன்னர் அங்குள்ள மருந்தாளர் திருப்பி எடுத்தார். புதிய குளிசையை நிறுத்தச் சொன்னார். விரதத்தையும் நிறுத்துவது நல்லது என்றார். "இன்னும் இரண்டு நாள்தான்" என்றார் சற்குணத்தார். அப்படியானால் காலையிலேயே வயிறாரச் சாப்பிட வேண்டும், நாளுக்கு நாலு தரம் சீனி பார்க்க வேண்டும், இங்கத்தைய கணக்கில் நாலுக்குக் கீழே போனால் அந்த இடத்திலேயே விரதம் முடிந்தது என்றார் மருந்தாளர். சற்குணத்தார் ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் தொடங்க ஒரு மாதம் முன்னரே சொல்லும்படி மருந்தாளர் கேட்டார். அதற்கும் சற்குணத்தார் ஓம் என்றார். அதை அவரே கலண்டரில் எழுதினார்.

கோசிகா சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சமைத்தாள். ஒன்பதரைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தார். பிள்ளையார் கதையை அவரே மனப்பாடமாகக் கொஞ்சம் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டைக் காலையில் சாப்பிடலாமா என்று பிரியந்தன் கேட்டான். "நேரம் எனக்குத்தான், பிள்ளையாருக்கில்லை," என்றார்.

அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டபோது கோசிகா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. அந்த இல்லத்துக்குத்தான் பேசினாள். ஐந்தாம் திகதி வரவில்லை, அப்பாவின் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "அவர் தன் வீட்டில் இருக்கிறார்" என்றாள்.

சாப்பிட்ட கோப்பையைச் சற்குணத்தார் கழுவிக் கவிழ்த்தார். நான் கீழே போய் நத்தார்ப் பலகாரத்துக்கு மா வறுத்தேன்.